பீப்பாய்க்கு மகள் என்று பெயர் வைத்தார்கள்

மார்ச் மாதம் நம்மூரில் வெயில் ஆரம்பிக்கும். அதே மார்ச்சில் கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து தீவைச் சுற்றிக் கடல் பாளம் பாளமாக உறைந்து கிடக்கும். அந்தப் பனிப்பாளங்களின் மேல் ஏறி வந்து, லட்சக்கணக்கில் குட்டி போடும் சீல்கள். கடல்நாய் என்று நம் பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருந்தார்களே, அதேதான். 'ஹார்ப் சீல்' என்கிற வகை.

பிறந்த சில நாட்களில் குட்டியின் ரோமம் பால்வெள்ளையாகிவிடும். உடம்பெல்லாம் பஞ்சு, நடுவில் கருகருவென்று இரண்டு பெரிய கண்கள். இந்த வெள்ளை இரண்டு வாரம் வரைக்கும்தான். அப்புறம் உதிர ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு வாரத்துக்குள் கப்பல் வந்துவிடும்.

துப்பாக்கி வைத்துச் சுட்டால் தோலில் ஓட்டை விழும், விலை போகாது. அதனால் கழி. நுனியில் இரும்புக் கொக்கி மாட்டிய நீளமான கழி. மண்டையில் ஒரே போடு. குட்டிக்கு ஓடத் தெரியாது, நீந்தவும் இன்னும் கற்றுக்கொண்டிருக்காது. பாவம், அண்ணாந்து பார்க்கும். அவ்வளவுதான்.

1830களின் தொடக்கத்தில் ஒரே சீசனில் ஆறு லட்சத்துக்கு மேல் அடித்திருக்கிறார்கள். கொழுப்பை உருக்கினால் விளக்கெண்ணெய். தோலைப் பதப்படுத்தினால் சீமாட்டிகளுக்குக் கோட்டு, கைப்பை.

வேட்டைக்காரன் என்றதும் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும் ஜமீன்தாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அடித்தவர்கள் ஏழை மீனவர்கள். குளிர்காலம் முழுக்கக் கையில் காசில்லாமல் கடன் வாங்கித் தின்றுவிட்டு, மார்ச்சில் நாலு காசு பார்க்கக் கப்பலேறியவர்கள். 1914-ல் 'நியூஃபவுண்ட்லாந்து' என்ற கப்பலின் ஆட்கள் பனிப்புயலில் சிக்கி, இரண்டு ராத்திரி கடல்பனி மீதே கிடந்தார்கள். 78 பேர் விறைத்துச் செத்துப்போனார்கள். லாபம் பார்த்த வியாபாரிகள் யாரும் அந்தப் பனியில் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1964-ல் கியூபெக் படக்குழு ஒன்று இந்த வேட்டையைப் படமெடுத்து, கனடா டெலிவிஷனில் காட்டியது. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆடிப்போனார்கள். வேல்ஸில் பிறந்து கனடாவுக்குக் குடியேறிய பிரையன் டேவிஸ் என்பவர், பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தில் வேலையாக இருந்தார். வேட்டையை நேரில் போய்ப் பார்த்தார். 1969-ல் ஒரு அமைப்பு ஆரம்பித்தார். விலங்குகள் நலனுக்கான சர்வதேச நிதியம். சுருக்கமாக ஐ.எஃப்.ஏ.டபிள்யூ. சீல் வேட்டையை நிறுத்துவதுதான் அதன் முதல் வேலை.

டேவிஸ் கெட்டிக்காரர். சீல் இருக்கும் இடத்துக்கு உலகத்தைக் கொண்டுபோக முடியாது. சரி, பத்திரிகைக்காரர்களைக் கொண்டுபோவோம் என்று ஹெலிகாப்டரில் ஏற்றினார். 1976-ல் கிரீன்பீஸ் களத்தில் குதித்தது. 1977-ல் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பர்தோ பனிக்கட்டி மேலேயே வந்து இறங்கினார். கேட்க வேண்டுமா? படம் போடாத பத்திரிகை இல்லை.

பி.காம். படித்தவனுக்கு இந்தக் கதையில் பிடிபடுகிற இடம் அடுத்ததுதான். கனடா அரசாங்கம் அசையவே இல்லை. ஓட்டுப் போடுகிற மீனவர்கள் அங்கே; கண்ணீர் விடுகிறவர்கள் வெளிநாட்டில். அதனால் இவர்கள் கனடாவை விட்டுவிட்டு, தோல் போய்ச் சேரும் கடைவீதியைப் பிடித்தார்கள். அமெரிக்கா 1972-லேயே கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் போட்டுத் தன் கதவைச் சாத்தியிருந்தது. பாக்கி ஐரோப்பா. அங்கே கடிதங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. 1983-ல் ஐரோப்பியப் பொருளாதார சமூகம் வெள்ளைக் குட்டிகளின் தோல் இறக்குமதியைத் தடை செய்தது. அடுத்த வருடம், 'கனடா மீனையே வாங்காதீர்கள்' என்று பிரிட்டனில் பிரசாரம். அடிமடியிலேயே கை வைத்தாயிற்று! 1987-ல் கனடா இறங்கி வந்தது. வெள்ளைக் குட்டிகளை வியாபாரத்துக்காகக் கொல்வது நின்றது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பில் யாருக்குப் போனது?

வடதுருவத்தை ஒட்டி இனுயிட் மக்கள் வாழ்கிறார்கள். மரம் முளைக்காத பூமி. சீல்தான் அவர்களுக்குச் சாப்பாடு, சட்டை, செருப்பு எல்லாம். சாப்பிட்டது போக மிச்சமிருக்கும் தோலை விற்றுத்தான் மண்ணெண்ணெயும் தோட்டாவும் வாங்குவார்கள். அவர்கள் வெள்ளைக் குட்டிகளைத் தொட்டவர்களே இல்லை. அவர்கள் பிடித்தது பெரும்பாலும் வேறு இனம். 1983 சட்டத்தில் அவர்களுக்கு விலக்கும் இருந்தது. ஆனால் கடையில் தோலைப் புரட்டிப் பார்க்கும் ஐரோப்பியப் பெண்மணிக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா? சீல் என்றாலே 'சீ' என்றாகிவிட்டது. விலை பாதாளத்துக்குப் போனது. கிராமம் கிராமமாக வருமானம் அற்றுப்போனது. முப்பது வருடம் கழித்து, 2014-ல், கனடாவின் கிரீன்பீஸ் அமைப்பு அந்த மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

வேட்டையாவது ஒழிந்ததா? அதுவும் முழுசாக இல்லை. வெள்ளை ரோமம் உதிர்ந்த குட்டிகளைக் கொல்லத் தடை இல்லையே! 1990களில் மறுபடி சூடு பிடித்தது. 2004-ல் மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் வியாபார வேட்டையில் வரும் சீல் பொருட்கள் அத்தனைக்கும் கதவை மூடியது. கனடாவும் நார்வேயும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2014-ல் தீர்ப்பு: மக்களின் தார்மீக உணர்வைக் காப்பாற்றத் தடை விதிக்கலாம், ஆனால் விலக்குகளை ஒழுங்காகச் செயல்படுத்துங்கள். இன்றைக்கும் கனடா அனுமதி கொடுக்கிறது. வாங்க ஆள் குறைந்துபோனதால், அனுமதித்த எண்ணிக்கையில் சிறு பங்குதான் பிடிபடுகிறது.

'அது கிடக்கட்டும்ப்பா, பனிக்கட்டி ஊர் கதை நமக்கு எதுக்கு?' என்று மகாராஜபுரத்தில் யாராவது கேட்கலாம். நியாயம்தான். மேற்கே மலை. எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஜீவனுக்காக ஊர் தன் காட்டை விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்று அந்த வட்டாரத்துக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்கென்றே 1988-ல் ஒரு சரணாலயம் அமைந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து அது புலிகள் காப்பகமும் ஆயிற்று. காட்டிலாவது எல்லைக்கல் நடலாம், செக்போஸ்ட் போடலாம். கடலில் எங்கே போய் நடுவது?

அந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் கிடைத்தது. குஜராத்தில்.

சௌராஷ்டிரா கடற்கரை. போர்பந்தர், வேராவல், மாங்ரோல். கோடை நெருங்கும்போது அந்தக் கடலுக்குத் திமிங்கலச் சுறாக்கள் வரும். உலகத்திலேயே பெரிய மீன் அதுதான். நாற்பது அடி வளரும், நம்ம டவுன் பஸ்ஸை விட நீளம்! பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வாயைத் திறந்துகொண்டு மெதுவாகப் போகும். தண்ணீரை வடிகட்டி, நுண்ணுயிர்களையும் பொடி மீன்களையும் தின்னும். யாரையும் கடித்ததில்லை.

மர வள்ளத்துக்குள் தண்ணீர் கசியாமலிருக்க அதன் ஈரல் எண்ணெயைப் பூசுவது அங்கே பழைய வழக்கம். அதற்காக எப்போதாவது ஒன்றைப் பிடிப்பார்கள். 1990களில் தைவானிலிருந்து கிராக்கி வந்தது. இதன் வெள்ளை மாமிசத்துக்கு அங்கே 'தோஃபு சுறா' என்று செல்லப் பெயர். ஏற்றுமதி என்று வந்துவிட்டால் சும்மா இருப்பார்களா? கொக்கியை எறிந்து மீனில் மாட்டுவார்கள். கயிற்றின் மறுமுனையில் காலிப் பீப்பாய்கள். மீன் முங்கப் பார்க்கும், பீப்பாய் மேலே இழுக்கும். இழுத்து இழுத்துக் களைத்துப்போனதும் கரைக்குக் கட்டி இழுத்து வருவார்கள். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில். அந்த மீனுக்கு மீனவர்கள் வைத்த பெயரே 'பேரல்'. பீப்பாய்!

இதை மைக் பாண்டே படமெடுத்தார். 2000-ல் வந்த அந்த ஆவணப்படத்துக்கு 'பச்சை ஆஸ்கர்' என்று சொல்லப்படும் விருது கிடைத்தது. 2001 மே மாதம் மத்திய அரசு திமிங்கலச் சுறாவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு என்ன அந்தஸ்தோ அதே அந்தஸ்து. அப்படிப் பாதுகாக்கப்பட்ட முதல் மீன் இதுதான்.

சட்டம் வந்தாயிற்று. ஆனால் கரையில் போய் விசாரித்தால் பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. நடுக்கடலில் கெஜட்டைப் படித்துக் காட்டுவது யார்?

2004-ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் எல்லோரும் சேர்ந்து ஒரு பிரசாரம் ஆரம்பித்தார்கள். கூட நின்றது யார் தெரியுமா? பிரையன் டேவிஸ் ஆரம்பித்த அதே ஐ.எஃப்.ஏ.டபிள்யூ. ஆனால் இந்தத் தடவை ரத்தம் வழியும் போஸ்டர் இல்லை, 'கொலைகாரா' என்று மீனவனைச் சுட்டும் விரல் இல்லை. அவர்கள் போய் நின்றது மொராரி பாபு வாசலில்.

மொராரி பாபு ராமாயணக் கதை சொல்கிறவர். சௌராஷ்டிராக்காரர். அவர் உட்கார்ந்து பேசினால் ஆயிரக்கணக்கில் ஜனம் கூடும், மீனவர் குடும்பங்கள் உட்பட. அவர் விஷயத்தை இப்படி எடுத்துச் சொன்னார்: அந்த மீன் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள். வீடு தேடி வந்த கர்ப்பிணி மகளை யாராவது வெட்டுவார்களா?

முடிந்தது விவகாரம்! தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வருவது அங்கேயும் பெரிய விசேஷம். துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தையை மகளாக எடுத்து வளர்த்த பெரியாழ்வாரின் ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மகள் என்று சொல்லிவிட்டால் அப்புறம் மகள்தான்.

பெயரும் மாறியது. பேரல் போய் 'வ்ஹாலி' வந்தது. ராமாயணக்காரர் சொன்னதால் கிஷ்கிந்தை வாலி என்று நினைத்துவிடாதீர்கள். குஜராத்தியில் பிரியமானவள், செல்லம் என்று அர்த்தம். முழு அளவில் காற்றடைத்த பொம்மை மீன் ஒன்று ஊர் ஊராகப் போனது. வீதி நாடகம் போட்டார்கள். போர்பந்தர் தொடங்கிப் பல ஊர்கள் வ்ஹாலியைத் தங்கள் ஊர்ச் சின்னமாகத் தத்தெடுத்தன.

இது வெறும் கண்ணீர்க் கதைதானே என்று தோன்றலாம். அந்த மீன் நிஜமாகவே பிரசவத்துக்குத்தான் வருகிறதா என்பது தனிக் கேள்வி. திமிங்கலச் சுறா குட்டி ஈனுவதை விஞ்ஞானிகள் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் 1995-ல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் மீனின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. ஒரு கொக்கியில் எத்தனை உயிர் போகிறது என்று அங்கேதான் தெரிந்தது. ஆக, பாபு சொன்ன உவமைக்குள் ஒரு கணக்கும் இருந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மீனவர் வேட்டையை விட்டாலும், வேறு மீனுக்கு விரித்த வலையில் வ்ஹாலி தானாக வந்து மாட்டும். அதை உயிரோடு விட வேண்டுமென்றால் வலையை அறுத்தாக வேண்டும். வலை என்பது அவருடைய முதல். பாசத்துக்காக ஒரு தடவை அறுப்பார், இரண்டு தடவை அறுப்பார். மூன்றாவது தடவை? குஜராத் அரசு அறுத்த வலைக்கு நஷ்டஈடு கொடுக்க முன்வந்தது. முதலில் அதிகாரி வந்து பார்க்கிற வரைக்கும் மீன் வலையிலேயே தவித்துக் கிடக்க வேண்டியிருந்தது. பிறகு மீனவர்கள் கையிலேயே கேமரா கொடுத்தார்கள். படம் எடு, வலையை அறு, மீனை விடு, பணத்தை வாங்கிக்கொள். இப்படி இதுவரை விடுவிக்கப்பட்ட மீன்கள் 900-க்கும் மேல். ஒரு காலத்தில் கொக்கி எறிந்த கைகளே அவற்றை விடுவித்தன. தைவானும் 2008-ல் இந்த மீனைப் பிடிக்கத் தடை போட்டது.

இப்போது கனடாவையும் குஜராத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தையை மூடாமல் வியாபார வேட்டை நிற்காது என்பதை இரண்டும் சொல்கின்றன. ஆனால் கனடாவில் சந்தையை மூடியவர்கள், அதை நம்பியிருந்தவன் நாளைக்கு என்ன சாப்பிடுவான் என்று கேட்கவில்லை. பனியில் விறைத்துச் செத்த 78 பேரின் பேரன்களும், எந்தப் பாவமும் அறியாத இனுயிட்டும் ஒரே பட்டியலில் வில்லன்கள் ஆனார்கள். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. குஜராத்தில் அறுந்த வலைக்கு ரசீது கிடைத்தது. மீனவரும் பாதுகாவலர் ஆனார்.

நமக்கும் ஒரு பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. பாக் நீரிணையில் கடல்பசு இருக்கிறது. நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடற்புல் மேயும் சாதுவான பிராணி. ஒரு காலத்தில் ராமநாதபுரம் கரையில் அதன் கறி விலைக்கு விற்றது. இந்தியக் கடல்கள் முழுக்கவே இன்று சில நூறுதான் மிச்சம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை, நாட்டின் முதல் கடல்பசு காப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. வலையில் சிக்கும் கடல்பசுவை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை சன்மானமும் கொடுக்கிறது.

அந்தச் சன்மானம், அறுத்த வலையின் விலைக்குக் கட்டுப்படியாக வேண்டும். அலைய விடாமல் கைக்கு வந்து சேரவும் வேண்டும். ஆவுளியா பிழைக்குமா என்பதில் பாதி, மாவட்ட அலுவலகத்தில் அந்த ஃபைல் எத்தனை நாள் தூங்குகிறது என்பதில் இருக்கிறது.