கடைத்தெரு சாய்ந்த கதை

கடைக்காரர்களின் நாடு! இங்கிலாந்துக்கு இப்படியும் ஒரு பெயருண்டு. 1776ஆம் ஆண்டில் ஆடம் ஸ்மித் தமது பொருளியல் பெருநூலில் இத்தொடரைக் கையாண்டார். பின்னர் நெப்போலியனும் இதையே ஏளனமாகக் கூறினான் என்பர். ஏளனமோ, பெருமையோ, பெயர் பொருத்தமானதே. ஊருக்கொரு கடைத்தெரு, அத்தெருவில் இறைச்சிக்கு ஒரு கடை, மீனுக்கு ஒரு கடை, ரொட்டிக்கு ஒரு கடை, மளிகைக்கு ஒரு கடை! இன்றோ, அந்நாட்டின் ஊர்கள் பலவற்றில் கடைத்தெரு களையிழந்து கிடக்கிறது. ஊர்ப்புறத்தே, நூற்றுக்கணக்கான மோட்டார்கள் நிற்க இடம் விரித்துப் பேரங்காடி ஓங்கி நிற்கிறது.

கடைத்தெரு ஏன் சாய்ந்தது? இரு சாரார் இரு விடை தருகின்றனர். "அந்தக் காலம் பொற்காலம், அதைப் பணமூட்டைகள் பறித்துக்கொண்டன" என்று கண்ணீர் வடிப்போர் ஒரு சாரார். "மக்கள் விரும்பினர், மாறினர், சந்தையின் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு" என்று கைகட்டி நிற்போர் மறு சாரார். முன்னது பழமையைத் தெய்வமாக்குகிறது. பின்னது சந்தையைத் தெய்வமாக்குகிறது. இரண்டையும் வரலாறு என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே பகுத்தறிவாளர் கடன்.

முதலில் அந்தப் பொற்காலத்தைப் பார்ப்போம். 1851 முதல் 1854 வரை ஆர்தர் ஹில் ஹசால் என்னும் மருத்துவர் இலண்டன் கடைகளில் விற்ற உணவுப் பொருள்களை நுண்பெருக்காடியில் ஆராய்ந்து, 'லான்செட்' இதழில் வெளியிட்டார். ரொட்டியில் படிகாரம்! மிளகாய்த் தூளில் சிவப்பு ஈயம்! 1858இல் பிராட்போர்டு நகரச் சந்தையில் விற்ற மிட்டாயைத் தின்று ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். இருநூறு பேருக்கு மேல் நோயுற்றனர். சர்க்கரைச் செலவைக் குறைக்க வழக்கமாகக் கலக்கும் மலிவான வெள்ளைப் பொடிக்குப் பதிலாக, தவறுதலாகப் பாஷாணம் கலந்துவிட்டது. தவறு அந்த ஒரு நாளுக்குரியது. கலப்படமோ அன்றாட வாடிக்கை! கலப்படத் தடைச் சட்டம் 1860இல் வந்தது. அதற்கு வலிவூட்டும் சட்டம் 1875இல் வந்தது. கடைக்காரரின் கருணையால் அன்று, சட்டத்தின் கண்டிப்பால்தான் ரொட்டி தூய்மை பெற்றது.

கடைச் சிப்பந்திகளின் நிலை என்ன? கடைக்கு மேலேயே படுக்கை, முதலாளி போட்டதே சோறு, விடிந்தது முதல் இரவுவரை நின்றபடி வேலை. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இளமையில் ஒரு துணிக்கடையில் அப்படி வாடியவர். 1905இல் வெளிவந்த 'கிப்ஸ்' நாவலில் அந்த வாட்டத்தைத் தீட்டினார். வாரத்தில் அரைநாள் ஓய்வு என்னும் உரிமையைக் கடைச் சிப்பந்திகளுக்கு 1911ஆம் ஆண்டுச் சட்டமே அளித்தது. இதுவா பொற்காலம்?

அந்த இருளில் ஓர் ஒளியும் தோன்றாமலில்லை. 1844 டிசம்பர் 21ஆம் நாள், ராச்டேல் நகரின் டோடு சந்தில், நெசவாளர் முதலான உழைப்பாளிகள் இருபத்தெட்டுப் பேர் இருபத்தெட்டுப் பவுன் முதலோடு கடையொன்று திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி - அவ்வளவே சரக்கு! கலப்படமில்லை, எடை குறைவில்லை, கடனில்லை. ஆளுக்கொரு வாக்கு, இலாபம், வாங்கிய அளவுக்கு ஏற்ப வாங்கியவருக்கே! வாங்குவோரே கடைக்கு உரிமையாளராகும் கூட்டுறவு நெறி அங்கிருந்து உலகெங்கும் பரவியது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904இல் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையும் அந்நெறி வழி வந்ததே.

இனிப் பேரங்காடிக்கு வருவோம். வாங்குபவரே கூடையேந்திச் சரக்கை எடுத்துக்கொள்ளும் முறையை, 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கினார். இங்கிலாந்தில் 1942இல் அதைச் செய்து பார்த்தது இலண்டன் கூட்டுறவுச் சங்கம். ஆம், தொடக்க காலத்தில் அங்கிருந்த இத்தகைய கடைகளிற் பெரும்பாலானவை கூட்டுறவுக் கடைகளே! 1919இல் கிழக்கு இலண்டன் சந்தையில் தள்ளுகடை போட்ட ஜாக் கோகனின் டெஸ்கோவும், 1869இல் பிறந்த செயின்ஸ்பரியும் பின்னரே இவ்வழிக்கு வந்தன. 1950இல் கிராய்டனில் செயின்ஸ்பரி இத்தகைய கடையைத் திறந்தபோது, "என் கையால் நானே எடுக்கவேண்டுமா?" என்று சினந்து கூடையை வீசியெறிந்தார் ஒரு பெண்மணி என்று சொல்வர்.

ஆனால் பெரும்பாலான பெண்டிர் கூடையை எறியவில்லை, ஏந்தினர். காரணம் உண்டு. போர்க்காலத்தில் வந்த பங்கீட்டு முறை 1954 வரை நீடித்தது. கடைக்குக் கடை வரிசையில் காத்து நின்று கால் நொந்தவர்கள் அவர்கள். விலை எழுதி ஒட்டியிருக்கிறது, கேட்டுக் கூச வேண்டியதில்லை, அரைநாள் மிச்சமாகிறது. அடுப்படிக்கும் கடைத்தெருவுக்குமாய்த் தேய்ந்த பெண்ணுக்கு அரைநாள் கிடைப்பது அற்பமா? பேரங்காடியின் இந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது.

பின் எங்கே தொடங்கியது கேடு? 1964 வரை, பொருளைச் செய்யும் முதலாளி சில்லறை விலையை வரையறுத்து, அதற்குக் குறைத்து விற்கும் கடைக்குச் சரக்கை நிறுத்திவிட முடியும். பெருங்கடையிலும் சிறுகடையிலும் அப்பொருளுக்கு ஒரே விலை! எட்வர்டு ஹீத் கொண்டுவந்த சட்டம் அம்முறையைப் பெரும்பாலும் ஒழித்தது. கடைக்காரர்கள் கொதித்தனர், ஹீத்தின் கட்சியினரே எதிர்த்தனர். ஒரு திருத்தத்தின்மீது நடந்த வாக்கெடுப்பில் அரசு ஒரே வாக்கில் தப்பியது. விலை குறைந்தது உண்மை. மொத்தமாய் வாங்கி மலிவாய் விற்கும் வலிமை பெற்றவனுக்கே களம் சொந்தமானதும் உண்மை. மோட்டார் பெருகியது, வீட்டில் குளிர்பெட்டி வந்தது, நாள்தோறும் வாங்கியவர் வாரமொருமுறை வாங்கினார், ஊர்ப்புற நிலத்தில் அங்காடி எழ ஆட்சியாளர் அனுமதித்தனர். 1990களில்தான், ஊர் நடுவில் இடமுண்டா என்று முதலில் பார்க்கவேண்டும் என்ற விதியை இறுக்கினர். வெள்ளம் வடிந்தபின் போட்ட அணை!

1994ஆம் ஆண்டு ஞாயிற்றுக்கிழமை வணிகச் சட்டத்தைப் பாருங்கள். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று ஆறுமணி நேரமே திறக்கலாம், சிறுகடைகளுக்கு அத்தடையில்லை. பெருநிறுவனங்கள் என்ன செய்தன? அந்த அளவுக்குள் அடங்கும் குட்டிக் கடைகளைத் தெருமுனைகளில் திறந்தன! 1972இல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட இந்திய வழியினரும், 1983க்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலிகளாய்ச் சென்ற தமிழரும் இரவுபகலாய் உழைத்து நடத்திய தெருமுனைக் கடைகளுக்கு அடுத்த வாசலிலேயே போட்டி வந்து நின்றது.

விற்பவன் சிலனே ஆனால், விளைவிப்பவன் யாரிடம் போவான்? பெருநிறுவனங்கள் எதிர்பாராச் செலவுகளைச் சரக்கு தருவோர் தலையிற் சுமத்துகின்றன என்று 2008இல் போட்டி ஆணையம் கண்டறிந்தது. 2010இல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2013இல் அவற்றைக் கண்காணிக்க நடுவர் பதவி பிறந்தது. சரக்கு தந்தோர்க்குரிய பணத்தை டெஸ்கோ காலந்தாழ்த்தியது கடுமையான விதிமீறல் என்று 2016இல் அந்நடுவர் தீர்ப்பளித்தார். அன்று முறையிட முடியாதிருந்த கடைச் சிப்பந்தியின் இடத்தில், இன்று சரக்கு தருவோன் நிற்கிறான்.

பழி முழுவதையும் பேரங்காடிமேற் போடுவதும் உண்மையாகாது. வாடகையும் வரியும் கடைத்தெருவை வாட்டின. 2009 சனவரியில் ஏறத்தாழ எண்ணூறு கடைகளை மூடி மறைந்த உல்வொர்த்சே பெருநிறுவனந்தான். ஆல்டி 1990இலும் லிடில் 1994இலும் வந்து, பேரங்காடிகளையே மலிவால் மருட்டின. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 தொடக்கத்தில், சில்லறை வணிகத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் இணையத்தின்வழி நடந்தது.

"எல்லாம் மக்களின் தேர்வே" என்னும் வாதத்துக்கு இப்போது வருவோம். தேர்வு என்றால் என்ன? இரு கதவுகளும் திறந்திருக்கையில் ஒன்றில் நுழைவது தேர்வு. ஒரு கதவு சாத்தப்பட்டபின் மற்றதில் நுழைவது தேர்வாகுமா? தனித்தனியே ஒவ்வொருவரும் நாலு காசு மிச்சம் பிடித்தனர்; கூடிப் பார்த்தால் ஊர்க்கடை போயிற்று. ஊர்க்கடை போகட்டும் என்று எவரும் வாக்களிக்கவில்லை! மோட்டார் உள்ளவர் ஊர்ப்புறத்துக்கு ஓடிவிடுவார். மோட்டாரில்லாத ஏழையும், நடை தளர்ந்த மூதாட்டியும் என் செய்வர்? மலிவு யாருக்குத் தேவையோ, அவருக்கே அது எட்டாக்கனி.

குறைகூறுவோர் குடும்பத் தலைவியைக் குறை கூறுகின்றனர்: "நீ சிறுகடையில் வாங்காததால் அது செத்தது!" அளந்து செலவிடும் கூலிக்காரியின் மடியில் நாட்டின் பொருளாதாரப் பாவத்தை ஏற்றுவது என்ன நீதி? சட்டம் செய்தவர், நிலம் ஒதுக்கியவர், அனுமதி தந்தவர் எல்லாம் எங்கே? நார்போக் கடற்கரைச் சிற்றூரான ஷெரிங்கமில், டெஸ்கோ வரலாமா கூடாதா என்று 1996 தொடங்கி 2010 வரை பதினான்கு ஆண்டுகள் ஊரே இரண்டுபட்டு வாதாடியது. இறுதியில் அங்காடி வந்தது. வந்தாலும், ஊராரைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும் என்ற நெறியாவது அங்கே நின்றது.

நமக்கும் இக்கதையில் பாடமுண்டு. 2012இல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் அயல்முதல் 51 விழுக்காடு வரை நுழைய இந்திய அரசு வழிவிட்டபோது, தமிழக அரசு அதை ஏற்க மறுத்தது. மறுத்தது சரியே எனலாம். ஆனால் கதவைச் சாத்தினால் மட்டும் போதுமா? உள்ளே இருக்கும் கடையில் எடை சரியா, கலப்படமில்லையா, சிப்பந்திக்கு உட்கார நாற்காலி உண்டா என்று கேட்கவேண்டாமா? உள்ளூர்க் கடை என்பதாலேயே அது உத்தமக் கடையாகிவிடாது.

சந்தை தெய்வமன்று, பழமையும் தெய்வமன்று. இரண்டும் மனிதர் செய்தவை, மனிதர் மாற்றக்கூடியவை. வாங்குவோன் தனியாய் நின்றால் கூடை சுமப்பவன். கூடி நின்றால் கடையை ஆள்பவன். இதனை மெய்ப்பிக்க இருபத்தெட்டுப் பேரும் இருபத்தெட்டுப் பவுனும் போதுமாயிருந்தன. நம் ஊரில் அத்தனை பேர் இல்லையா?