வழிநடையும் சத்திரமும்

தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தினின்று இரவில் புறப்படும் வெள்ளித் தேர், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கடந்து பத்துமலையைச் சேர்கிறது. முருகப் பெருமான் ஆங்கே தங்கி, விழா முடிந்தபின் வந்த வழியே நகர் திரும்புகிறார். தேரோடு நடப்போர்க்கு ஈப்போ சாலை நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்கள் உண்டு. ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த காலத்தில், தோட்டத்திலிருந்து வந்திருந்த என் பாட்டியுடன் ஓர் ஆண்டு நானும் நடந்தேன். செந்தூலைக் கடந்ததும் ஒரு பந்தலில் மோர் வாங்கிக் கொடுத்து, “கொஞ்சம் உட்காருங்க பாட்டி” என்றேன். “நின்னுக்கிட்டே குடிச்சிடுறேன் ராசா. உட்கார்ந்தா கால் மறந்துடும்” என்றார்.

நெடுவழி நடந்தோர் எவரும் இச்சொல்லின் உண்மையை அறிவர். நடப்பதைக் காட்டிலும், ஊரில் தங்கி இளைப்பாறியபின் மீண்டும் வழியில் கால் வைப்பதே கடினம். இதனை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பழைய சான்று சிலப்பதிகாரத்திலேயே கிடைக்கிறது. புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேல் செல்லவில்லை என்கிறார் இளங்கோவடிகள். அதுவும் நாள்தோறும் அன்று. பல நாள் தங்கி, ஒரு நாள் நடந்தனர். உறையூரில் நிக்கந்தக் கோட்டத்தில் தங்கினர். பின்னர்ப் பாலை வழியில் கண்ணகியின் அடிகள் நொந்தபோது ஐயை கோட்டத்தில் அமர்ந்தனர். அதற்கப்பால் வெயிலுக்கு அஞ்சிப் பகலில் தங்கி இரவில் நடந்தனர். வகுப்பில் நாம் இப்பகுதியை விரைந்து கடந்து வழக்குரை காதைக்கு ஓடிவிடுகிறோம். மாணவரைக் கால்நோவோடு நடக்க வைத்துப் பாருங்கள். காப்பியம் வேறாகத் தோன்றும்.

கோட்டமும் பள்ளியும் செய்த பணியைப் பிற்காலத்தில் சத்திரம் ஏற்றது. சாலையோரத்தில் சுமைதாங்கிக் கற்களும் நாட்டப்பெற்றன. நிறுத்திய இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு கல், அவ்வளவே. ஆனால் அதன் உயரத்தைக் கவனிக்க வேண்டும். தலைச்சுமையைக் குனியாமல், பிறர் கை கொடாமல் இறக்கி வைக்கலாம். இளைப்பாறியபின் தானே ஏற்றிக்கொண்டு நடக்கலாம். தரையில் இறக்கிய சுமையைத் தூக்க இன்னொருவர் வேண்டும். கருவுற்றிருந்து இறந்த பெண்களின் நினைவாக இக்கற்களை நாட்டும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. இறக்கி வைக்கப்படாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கரின் சுமையை இறக்கினர்.

மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரோடு சாலைகளும் சத்திரங்களும் இன்றும் பேசப்படுகின்றன. எனினும், சத்திரத்தின் உள்ளே நடந்ததைத் தெளிவாகக் காட்டுவது தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமே. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் விட்டுக்கொடுத்த மன்னர், இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள சத்திரங்களைக் காக்க வேண்டி எழுதினார். பார்ப்பனர் முதல் பறையர் ஈறாக வந்தோர் அனைவர்க்கும் சோறு உண்டு. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதோர் எவரேனும் உளரோ எனக் கூவி அழைப்பர். நோயுற்றோர்க்கு நலம் பெறும்வரை மருந்தும் பத்திய உணவும் தருவர். சத்திரத்திலே மகப்பேறு கண்ட பெண், அதன்பின் மூன்று மாதம் தங்கலாம். இறந்தோர்க்கு ஈமக்கடன் செய்வதும் சத்திரத்தின் பொறுப்பே. சாதிக்கேற்ற பிரிவினைகள் ஆங்கும் இருந்தன, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பசித்தவனைத் தேடி அழைத்த மணி, பிரிவினைக்கு அப்பாலும் கேட்டது.

பெற்றோர் வழியிலே இறந்துபட்டால் அநாதைப் பிள்ளைகளைச் சத்திரத்து உபாத்தியாயரிடம் ஒப்படைத்தனர் என்றும் அக்கடிதம் கூறுகிறது. நாளும் மூவேளை உணவு. எண்ணெய் தேய்த்து முழுக்காட்டுதலும் உண்டு. நம் தொழிலுக்கு இத்தகைய முன்னோடியும் உண்டென்பதை நான் பிந்தியே அறிந்தேன்.

சத்திரத்தில் தங்கியவன் எத்துணை நாள் இருப்பினும் வழிப்போக்கனே. அவன் கால் தேறியதா, அவன் சேர வேண்டிய இடத்தை நோக்கிப் புறப்பட வலிமை வந்ததா என்பதே சத்திரத்தின் கவலை. எந்த வழியே செல்வது என்பது அவன் விருப்பம்.

அதே தமிழகத்தில் இன்னொரு வகைத் தங்குமிடமும் எழுந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டபின், மலாயாத் தோட்டங்களுக்கு ஆளெடுப்பு அந்நிதியின் செலவில் பெருகியது. ஊரிலிருந்து வந்தவர்கள் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கினர். ஆங்கும் சோறு போட்டனர், மருத்துவர் பார்த்தனர், அம்மை குத்தினர். கடல் கடந்தபின் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலோ தொற்றுக் காப்பு முகாமில் மீண்டும் தங்கல். வெளிப்பார்வைக்குச் சத்திரத்தில் நடந்தவை பலவும் ஆங்கு நடந்தன. ஆனால் முகாமை விட்டு எந்த வழியே செல்வதென்பதை முன்னரே வேறொருவர் எழுதிவிட்டிருந்தார்.

என் பாட்டியின் தாயார் நாகை முகாம் வழியாக வந்தவர். ஊர் திரும்பியோர் பலர் உண்டு, அவர் திரும்பவில்லை. முகாமில் வயிறாரச் சோறு போட்டார்கள் என்று நன்றியோடு சொல்வாராம். உடனே, “சாப்பிட்டு எழுந்தேன், வாசல் பக்கம் போக விடல” என்றும் சொல்வாராம். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார் என்பதைப் பாட்டி அந்தப் பந்தலருகே நின்றுதான் எனக்குச் சொன்னார்.

மோரைக் குடித்து முடித்துக் குவளையைத் திருப்பிக் கொடுத்தார். தேர் அதற்குள் வெகுதூரம் சென்றிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னே நடந்தார்.