ஐந்தாவது பங்கு

தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் ஓர் ஐயம் எழுப்பினார். "என்ற காலத்துக்குப் பொறகு ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும்னு உயில்ல எழுதி வெக்கலாம்னு இருக்கறனுங்க. பசங்க பங்குல கை வெச்ச மாதிரி ஆயிருமுங்களா?" தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியன்று. எனினும் வரலாற்றில் இதற்கு இரு விடைகள் உண்டு.

முதல் விடை சென்னையில் இருக்கிறது. துபாஷியாகப் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794-இல் மறைவதற்குச் சில நாட்கள் முன்னர், அறப்பணிகளுக்கெனச் செல்வத்தை ஒதுக்கி உயில் எழுதினார். அவர் முதன்மையாக எண்ணியவை கோயில் கட்டளைகளும் தான தருமங்களுமே. ஆனால் அவர் மறைந்தபின் சொத்து வழக்குகளில் சிக்குண்டது. அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியால், கோயில் கட்டளைகள் போக எஞ்சிய தொகை கல்விக்குத் திருப்பப்பட்டது. பச்சையப்பன் பள்ளி தொடங்கிய ஆண்டு 1842. உயிலுக்கும் பள்ளிக்கும் இடையே 48 ஆண்டுகள்! அப்பள்ளியே பின்னர் கல்லூரியாக வளர்ந்தது.

இரண்டாம் விடை நம் பீளமேட்டில் இருக்கிறது. பழைய மிதாட்சர முறைப்படி, கூட்டுக் குடும்பச் சொத்தில் பிரிக்கப்படாத தம் பங்கை ஒருவர் உயிலால் பிறருக்கு அளிக்க இயலாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே அவ்வுரிமையை வழங்கிற்று. அதற்கு 30 ஆண்டுகள் முன்னரே, 1926-இல், பூ.சா. கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர் நால்வரும் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது ஐந்து பங்காக்கினர். அறத்தையும் உடன்பிறந்தான் ஒருவனாகக் கருதி, ஐந்தாவது பங்கை அதற்கு ஈந்தனர். ரூ. 2,01,000 மூலதனத்தோடு அறநிலையம் தோன்றியது. 1947-இல் கலைக் கல்லூரியும், 1951-இல் பொறியியல் கல்லூரியும், 1985-இல் மருத்துவக் கல்லூரியும் அதன் வழியே எழுந்தன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒன்று புலப்படுகிறது. ஈகையின் அளவன்று, அதனை ஏற்று நடத்தும் மனிதரே வேறுபாடு. பச்சையப்பரின் விருப்பத்தைக் காக்க அவர் உயிரோடில்லை. பீளமேட்டிலோ கொடுத்தவர்களே கண்காணித்தனர்.

ஆகவே பெரியவரிடம் நாம் கூறியது இதுதான். பூர்வீகச் சொத்தாயின் தங்கள் பங்கை மட்டுமே எழுதலாம்; அது எவ்வளவு என்பதை வழக்கறிஞரிடம் தெளிவுறக் கேளுங்கள். உயிலில் இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும்; பதிவு செய்வது கட்டாயமன்று, எனினும் நன்று. எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பணிக்கு என்பதை ஐயமற எழுதுங்கள். எல்லாவற்றிற்கும் முன்னதாக, பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்தி, தங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

பெரியவர் சற்றுநேரம் தோப்பையே பார்த்திருந்தார். வரும் பொங்கலுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வருகையில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.