லுக்குட் குன்றும் அதன் அருங்காட்சியகமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள லுக்குட்டில், செத்த யானைக் குன்று எனப் பொருள்படும் புக்கிட் காஜா மாத்தியின் மேல், ராஜா ஜுமாட் 1847இல் எழுப்பிய கோட்டையின் செம்பூராங்கல் மதில்களும் அகழியும் எஞ்சி நிற்கின்றன. குன்றின் அடிவாரத்தில், 1999 முதல் லுக்குட் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது.

அந்தக் கோட்டை ஈயத்தின் பொருட்டு எழுந்தது. அதற்கு முன் லுக்குட்டை ஆண்ட ராஜா பூசு, வெட்டியெடுத்த ஈயத்துக்கு வரி விதித்ததால் சினந்த சீனச் சுரங்கத் தொழிலாளர்களால் 1834இல் கொல்லப்பட்டிருந்தார். அவ்வாறு குருதி படிந்த ஊரைப் பின்னர்ப் பெற்ற பூகிஸ் இளவரசர் ஜுமாட், அதனை ஒழுங்கும் வருவாயும் மிக்க ஊராக மாற்றினார். 1857இல் அவரும் அவருடைய சகோதரர் ராஜா அப்துல்லாவும் மலாக்கா வணிகர்களிடம் கடன் பெற்று 87 தொழிலாளர்களை ஈயம் தேடக் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங்குக்கு அனுப்பினர் என்பதும், அம்முயற்சியிலிருந்தே கோலாலம்பூர் வளர்ந்தது என்பதும் லுக்குட்டின் வரலாற்றில் முதலிடம் பெறவேண்டிய செய்திகளாகும். 1864இல் ஜுமாட் மறைந்தபின் ஊர் தளர்ந்தது. அவர் மகன் ராஜா போட் காலத்தில், 1880ஆம் ஆண்டளவில், சிலாங்கூரின் கையிலிருந்து, இன்றைய நெகிரி செம்பிலானின் பகுதியான சுங்கை ஊஜோங்குக்கு மாறியது.

இம்மாற்றத்தால் கடலோரப் பூகிஸ் மரபில் வளர்ந்த ஊர், சுமத்திராவின் மேட்டுநிலங்களிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்களின் நாட்டோடு இணைந்தது. தாய்வழியில் குலமும் நிலவுரிமையும் தொடரும் அவர்களின் வழக்காறு ஆடாட் பெர்பாத்தே எனப்படும். எருமைக் கொம்புபோல் இருபுறமும் நிமிரும் அவர்களின் கூரை, மலைநாட்டு நினைவைச் சமவெளியில் காத்துவந்தது. கோலப்பிலாவிலிருந்து 1953இல் சிரம்பானுக்குக் கொண்டுவரப்பட்ட, ஆணியின்றிக் கட்டப்பட்ட அம்பாங் திங்கி அரண்மனை, அம்மக்களின் தச்சுத்திறனுக்குச் சான்றாகும்.

ஈயத்துக்குப் பின் இவ்வட்டாரத்தில் ரப்பர் வேரூன்றியது. தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் திரட்டி வந்த மேலாளான கங்காணியின் கீழ், 1938இல் இந்திய அரசு அத்தகைய குடியேற்றத்தை நிறுத்தும்வரை, தமிழர் தோட்டங்களுக்கு வந்தனர். விடியற்காலைப் பெரட்டு, அதாவது வருகைப் பதிவு, முடிந்ததும் அவர்கள் பால்மரம் சீவச் சென்றனர். சீவுகத்தி, பால் சேரும் மங்கு, வாளிகளைத் தோளில் சுமக்க உதவிய காண்டாக்கம்பு ஆகியவை ஈயச் சுரங்கக் கருவிகளைப் போலவே இம்மண்ணின் வரலாற்றுச் சான்றுகளாகும். தோட்டங்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளை விட்டு நகர்ப்புறம் சென்ற குடும்பங்கள், வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் இப்பொருள்களைப் பழைய இரும்புக்குப் போடாமல், பயன்படுத்தியவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதி, அருங்காட்சியகங்களிடம் ஒப்படைக்க முன்வரவேண்டும்.