உதிரியாய் வரும் நெருப்பு

கயத்தாறு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு பெட்டிக்கடையின் முன்காலில் ஓர் ஆணி இருக்கிறது. என் சிறுவயதில் அதில் தேங்காய்நார்க் கயிறு தொங்கும். நுனி நாள் முழுக்கக் கனிந்துகொண்டிருக்கும். பீடி வாங்கியவர்கள் குனிந்து பற்றவைத்துக்கொள்வார்கள். பிறகு அதே ஆணியில் சணலில் கட்டிய தீப்பெட்டி வந்தது. இப்போது தொங்குவது பிளாஸ்டிக் லைட்டர். கரிசல்காட்டின் நூறாண்டுத் தொழில் வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள், ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் இந்த ஆணியை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம்.

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர், சிவகாசி என்று நீளும் இந்த வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை, ‘தீப்பெட்டியாபீஸ்’ என்பார்கள். மழை பொய்த்த வருஷங்களில் ஊர் கஞ்சி குடித்தது அந்த ஆபீஸால்தான். கடந்த சில ஆண்டுகளாக அதன் எதிரியாகச் சுட்டப்படுவது ‘சீன லைட்டர்’. இந்தச் சொற்சேர்க்கையைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் ‘சீன’ என்பதும் முழு உண்மையில்லை. ‘லைட்டர்’ என்பதும் முழு உண்மையில்லை.

நடந்த நிகழ்வுகளை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். 2007இலிருந்து ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டியின் விலை, மெழுகும் சிவப்பு பாஸ்பரசும் பொட்டாசியம் குளோரேட்டும் ஏறிய ஏற்றத்தில், 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. பதினான்கு வருஷம் ஒரு பொருளின் விலை அசையாமல் இருந்தது என்றால், அந்த அசையாமையை யாரோ தம் உடம்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் பொருள். 2022 செப்டம்பரில் தமிழக முதல்வர் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார்: பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியை இல்லாமலாக்குகிறது என்று. (இருபது பெட்டியின் விலை நாற்பது ரூபாய். இந்தக் கணக்கை எதிர்த்து எந்த தேசபக்தி நிற்கும்?) 2023 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு, காப்பீடும் கப்பல் கூலியும் சேர்த்து 20 ரூபாய்க்குக் குறைவாக வரும் பாக்கெட் லைட்டர்களின் இறக்குமதியைத் தடைசெய்தது.

விலையால் கிழிக்கப்பட்ட கோட்டைத் தாண்ட இரண்டு வழி உண்டு. பில்லில் விலையை ஏற்றிக் காட்டுவது ஒன்று. பொருளைப் பொருளாகவே கொண்டுவராமலிருப்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் வணிகம் எப்போதும் விரும்பும். லைட்டர் உதிரிகளாகக் கப்பலேறி வந்து இங்கே எங்கோ பூட்டப்படுகிறது என்று கோவில்பட்டி உற்பத்தியாளர்கள் மறுபடியும் முறையிட்டார்கள். 2024 அக்டோபரில் உதிரிப் பாகங்களுக்கும் தடை வந்தது.

ஒரு லைட்டரைக் கழற்றிப் பார்த்தேன். வாயு நிரப்பிய சிறு தொட்டி, வால்வு, தம்மாத்துண்டு ஸ்பிரிங், தகரத் தொப்பி, பல்வெட்டிய சக்கரம், அதனடியில் அரிசியளவு சக்கிமுக்கிக் கல். (இந்தக் கல் பூமியில் கிடைப்பதல்ல, ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்ற உலோகக் கலவை.) இன்னொரு ரகத்தைக் கடைக்காரர்கள் ‘எலெக்ட்ரானிக்’ என்கிறார்கள். அதில் கல்லும் இல்லை, பேட்டரியும் இல்லை. அமுக்கினால் ஒரு குட்டிச் சுத்தியல் பீங்கான் துண்டு ஒன்றின் மேல் விழுகிறது. அந்த அடியில் சில ஆயிரம் வோல்ட் பிறந்து பொறியாகத் தாவுகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை க்யூரி சகோதரர்கள் 1880இல் கண்டு சொன்னபோது, அது கயத்தாற்றில் பீடி பற்றவைக்கும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். சீனத்து வென்ச்சோவின் வீட்டுப் பட்டறைகள் 1980களில் ஜப்பான் லைட்டரைப் பிரித்துப் பார்த்துத்தான் தொழில் கற்றன. பிறகு ஹுனான் மாகாணத்தின் ஷாவ்தோங் என்ற ஊர், ஒரு யுவான் விலையை ஆண்டுக்கணக்கில் ஏற்றாமலே உலகத்துக்கு லைட்டர் அனுப்பியது. அங்கேயும் ஓர் அசையாத விலை. ஷாவ்தோங்கை சீனத்துக் கோவில்பட்டி என்று சொன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் கோபித்துக்கொள்ளக்கூடும்.

இதெல்லாம் புதுசு என்று நினைக்கிறோம். இல்லை. முதல் உலகப் போரில் ஸ்வீடன் தீப்பெட்டியின் வரத்துக் குறைய, இந்தியச் சந்தையை ஜப்பான் தீப்பெட்டி பிடித்துக்கொண்டது. 1922இல் காலனிய அரசு ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. சுதேசித் தொழிலைக் காப்பாற்றுவதற்காக அல்ல, கஜானாவை நிரப்புவதற்காக. வரி தீப்பெட்டிக்குத்தானே? ஜப்பானிலிருந்து மருந்து முக்காத குச்சியும், பெட்டி மடிக்கும் சீவலும் தனித்தனியாக வந்திறங்கின. கல்கத்தாப் பட்டறைகளில் குச்சிக்கு மருந்து முக்கி, சீவலைப் பெட்டியாக்கி, இந்தியத் தீப்பெட்டி என்று விற்றார்கள். சில ஆண்டுகளுக்குள் குச்சிக்கும் சீவலுக்கும் தனியே வரி விதிக்க வேண்டியதாயிற்று. முதலில் பொருள், பிறகு உதிரி. 2023க்கும் 2024க்கும் நடுவில் நடந்தது அச்சு அசலாக இதுவேதான்.

சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் படிக்கப் போனது இந்தக் கல்கத்தாவுக்குத்தான், 1922இல். அடுத்த வருஷம் திரும்பி வந்து, ஜெர்மன் இயந்திரம் தருவித்துத் தொடங்கினார்கள். ஆனால் இந்த மண்ணில் நிலைத்தது இயந்திரமல்ல, கைவேலை. அதே 1923இல் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி, வெளியே நின்று வரி கட்டுவதைவிட வரிச்சுவருக்கு உள்ளே வந்து உட்கார்வது லாபம் என்று கண்டு, வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியை, நாம் அறிந்த விம்கோவை, நிறுவியது. 1928இல் அந்த வருவாய் வரி பாதுகாப்பு வரியாகச் சட்டமாயிற்று. அந்தப் பாதுகாப்பின் நிழலில் ஸ்வீடன்காரனும் சுகமாக இருந்தான்.

ஆக, உதிரிக்கு எதிராக இன்று மனுக்கொடுக்கும் தொழில், உதிரியைக் கோத்துப் பிழைத்த ஒரு தொழிலிடம் பாடம் கேட்டு வந்தது. இதைச் சொல்வது மனுக்கொடுத்தவர்களைக் கேலிசெய்வதற்காக அல்ல. ‘உள்நாடு / வெளிநாடு’ என்ற எதிர்வு சுங்கத்துறை எழுதிய ஒரு பிரதி. அதை நாம் தேசத்தின் பிரதியாக வாசித்துப் பழகிவிட்டோம். நம் தீப்பெட்டியின் குச்சி கேரளத்து மரம். எந்தப் பொருளும் ஓரிடத்தில் பிறப்பதில்லை, கோக்கப்படுகிறது. கோக்கிறவர்களின் கூலி எங்கே மலிவோ அங்கே கோக்கப்படுகிறது. தமிழில் ‘உதிரி’ என்ற சொல் பாகத்தையும் குறிக்கிறது, வேலை நிச்சயமில்லாத தொழிலாளியையும் குறிக்கிறது. மொழி நம்மைவிட விவரமானது.

சுதேசித் தீப்பெட்டியைப் புனிதமாக்குகிறவர்கள் அதன் மலிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும். 1983இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். விடியுமுன் கிராமங்களில் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன பஸ்களை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1986இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா வழக்கில், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்டவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பிள்ளைகள் விலகிய இடத்தில் அவர்களுடைய அம்மாக்கள் மிஞ்சினார்கள். இன்றைக்கு இத்தொழிலில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மனுக்களில் எண்ணிக்கையாக மட்டும் வருகிறவர்கள்.

என் சித்தி அவர்களில் ஒருத்தி. கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பெட்டி அடைக்கிறாள்; அடைத்த பெட்டிக்குத்தான் காசு, உட்கார்ந்த நேரத்துக்கு இல்லை. தடை வந்த சேதியைச் சொன்னேன். “அப்பிடியா? நல்லதுதான் ராசா. வாரத்துல ஆறு நாளும் வேல இருந்தாப் போதும். கூலி கூடுமான்னு கேட்டியா?” என்றாள். கேட்கவில்லை. அந்த அரசாணைகளில் கூலி என்ற சொல்லே இல்லை.

டீ போட எழுந்தாள். கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த நீளமான லைட்டரை எடுத்து இரண்டு தரம் ‘டிக், டிக்’ என்று அமுக்கினாள். அதே சுத்தியல், அதே பீங்கான். தடை பாக்கெட் லைட்டருக்குத்தான். அடுப்பு லைட்டருக்கு இல்லை. நான் அதையே பார்ப்பதைக் கண்டு சிரித்துவிட்டு, “பெட்டி எல்லாம் சாமி ரூம்ல இருக்குடா, வெளக்குப் பொருத்த” என்றாள்.