கற்பிப்போரும் கூடுக!

இரவு பத்து மணி. வல்லம் வடகால் சிப்காட் சாலையிலே ஆலைப் பேருந்துகள் அணிவகுத்து நிற்கின்றன. ஒரு ஷிப்டு இறங்குகிறது. மறு ஷிப்டு ஏறுகிறது. அந்தக் கூட்டத்திலே, முன்னாளில் நம்மிடம் படித்த இளைஞர் ஒருவரைக் கண்டோம். வேலை எப்படி என்று கேட்டோம்.

"வாரம் ஒருநாள் எங்கள் பகுதி ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம் சார். எது பழுதாயிற்று, ஏன் பழுதாயிற்று, இனி எப்படித் தடுப்பது என்று ஆளுக்கொன்று சொல்வோம்" என்றார். சற்றுத் தயங்கிவிட்டு, "என் தங்கை கல்லூரியிலே பொருளியல் படிக்கிறாள். பாடம் விளங்கவில்லை என்று அழுகிறாள். அங்கே ஆசிரியர்கள் இப்படி உட்கார்ந்து பேசுவார்களா சார்?" என்று கேட்டார்.

பேருந்து போய்விட்டது; கேள்வி போகவில்லை. அவர் வீட்டிலே கல்லூரிப் படி மிதித்த முதற் பெண் அவள். ஓர் ஆணி கோணினால் ஒன்பது பேர் கூடுகிறார்கள்; ஓர் உள்ளம் வாடினால் ஒருவரும் கூடுவதில்லையா?

ஆலையிலே நடக்கும் அக்கூட்டத்துக்குத் 'தர வட்டம்' என்று பெயர். ஜப்பானிலே 1962-இல் தோன்றி உலகெங்கும் பரவியது அது. பின்னர் 1991-இல், ஜீன் லேவ், எத்தியேன் வெங்கர் எனும் இருவர் ஒரு நூல் எழுதினர். லைபீரியாவின் தையற்காரரையும், மெக்சிகோவின் மருத்துவச்சியரையும் சான்று காட்டி, தொழிலறிவு என்பது தனியொருவர் தலைக்குள் விளைவதன்று, ஒரே தொழில் செய்வோர் கூடிப் பழகும் இடத்திலே விளைவது என்று விளக்கினர். தையலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, கற்பித்தலுக்கு மட்டும் பொருந்தாதோ?

வரலாற்றைப் புரட்டுவோம். தொலைதூரம் போக வேண்டா. வாலாசாபாத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலிலே, 11-ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு இருக்கிறது. வேதமும் வடமொழி இலக்கணமும் கற்பிக்க ஆசிரியர். மாணவர்க்கு உணவும் உறைவிடமும், குளியலுக்கு எண்ணெயும். நோயாளிக்கு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை! ஏற்பாடு அழகுதான், மறுப்பார் இல்லை. ஆனால், அந்த ஆறுகளின் கரையிலே ஏர் பிடித்தவன் மகனுக்கும், நாற்று நட்டவள் மகளுக்கும் அந்த வேதப் பள்ளியிலே பாய் விரித்தார்களா? இல்லை! கற்பித்தோர் கூடினர், கதவைச் சாத்திக்கொண்டு கூடினர். கூடுதல் மட்டும் போதாது, யாருக்காகக் கூடுகிறோம் என்பதே கேள்வி என்பதற்கு அக்கல்லே சான்று.

கதவைத் திறக்க முற்பட்ட கூட்டங்களும் உண்டு. 1916-இல் சேலத்திலே, அறிவியலைத் தமிழிலே சொல்லச் சொற்கள் வேண்டும் என்று ஒரு சங்கம் தோன்றி, இதழும் நடத்தியது. அதை நடத்தியவருள் இராசகோபாலாச்சாரியாரும் ஒருவர். ஆம், எதிர் முகாமிலே நின்ற அவரேதான்! நல்ல வேலையை யார் தொடங்கினால் என்ன? உண்மைக்கு முகாம் கிடையாது.

1934-இல் நெல்லையிலே சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பு அதன் முதுகெலும்பு. அதன் முயற்சியால் 1936-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலே சொல்லாக்க மாநாடு கூடியது. தலைமை தாங்கியவர், மட்டக்களப்பைச் சேர்ந்த காரைதீவில் பிறந்த விபுலானந்தர். காவியுடுத்தவர், ஆயினும் அறிவியல் பயின்றவர், அறிவியல் கற்பித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். அறிவியல் அறிந்தோரும் தமிழ் அறிந்தோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, இச்சொல் மாணவனுக்கு விளங்குமா, விளங்காதா என்று வாதிட்டார்கள். விளைவு, 1938-இல் ஏறத்தாழ 10,000 கலைச்சொற்கள் நூலாயின. தனியொருவர் தம் ஆயுள் முழுதும் அமர்ந்தாலும் ஆகாத செயல்!

தொடர் அறுந்துவிடவில்லை. 1949-இல் கோவையிலே ஜி. ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' இதழைத் தொடங்கி, அறிவியலைத் தமிழிலே எழுத ஆசிரியர்க்குக் களம் அமைத்தார். 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியிலே தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்கியது. 1968 சனவரியிலே, அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது, ஐந்தாண்டுக்குள் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழே பயிற்றுமொழி ஆகவேண்டும் எனச் சட்டமன்றம் தீர்மானித்தது.

தீர்மானம் நிறைவேறிற்று, எண்ணம் நிறைவேறவில்லை. ஏன்? வேலைவாய்ப்பு ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு என்போம் நாம். சொற்பட்டியல் அச்சேறியதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டோம். அச்சொல்லை வகுப்பிலே வழங்கிய ஆசிரியர், எங்கே மாணவர் முகம் தெளிந்தது, எங்கே இருண்டது என்று தம் தோழரோடு பேச ஓர் இடம் இல்லை. சொல் நூலகத்திலே உறங்கிற்று.

அரசு சும்மா இருந்ததா எனின், இல்லை. 1986 கல்விக் கொள்கையை ஒட்டி, 1987-இல் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி ஆசிரியர்க்கெனக் கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஒன்று அமைந்தது. 2015-இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023-இல் மாளவியா பெயர் சூட்டப்பெற்றன. பயிற்சியால் பயனில்லை என்று சொல்லோம். ஆனால், சில வாரம் சொற்பொழிவு கேட்டு, பதவி உயர்வுக்கு உதவும் சான்றிதழ் பெற்றுத் திரும்பும் ஆசிரியர், மீண்டும் தம் அறைக்குள் தனியராய் நுழைகிறார். பலகை மாறிற்று, தனிமை மாறிற்றா?

வேண்டுவது பெருஞ்செலவன்று. ஒரே பாடம் கற்பிக்கும் நான்கு ஆசிரியர். வாரத்திலே ஒரு மணி நேரம். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் கடைசி விசிப்பலகையிலே அமரட்டும். பின்னர்ப் பேசட்டும்: எந்த இடத்திலே மாணவர் பேனா நின்றது? எந்த உவமை எடுபட்டது? எந்தச் சொல் தடுக்கியது? முடிவை ஒரு குறிப்பேட்டிலே எழுதட்டும். அடுத்த ஆண்டு புதிதாய் வரும் இளம் ஆசிரியர் அதிலிருந்து தொடங்கட்டும். மூத்தவர் தவறினால் இளையவர் சுட்டலாம் எனும் துணிவு மட்டும் அங்கே வேண்டும். குருவின் வாக்கைக் கேள்வி கேட்கலாகாது எனும் பழமை, ஆசிரியர் அறையிலே குடியிருக்கும் வரையில், வகுப்பறையிலே பகுத்தறிவு எப்படிக் குடிபுகும்?

பள்ளி ஆசிரியராகிய நாமும் விலக்கல்லோம். அந்தத் தங்கையின் இருளிலே நம் பங்கும் உண்டு. நாம் சரியாய் ஏற்றாத விளக்கையே அவள் கல்லூரிக்கு எடுத்துச் சென்றாள். ஆகவே இந்த மாதம் முதல், நம் பள்ளி ஆசிரியர் மூவர் வெள்ளி மாலைதோறும் அமர முடிவு செய்திருக்கிறோம். முதற் கூட்டத்திலே நம் பாடத்தையே பழுது பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

கல்லூரியிலே பயிலும் தோழர்களே! உங்கள் ஆசிரியரிடம் பணிவோடும் துணிவோடும் கேளுங்கள்: "ஐயா, நீங்கள் கூடுவது எந்நாள்?"