வீடு தேடி வந்த சுஷி



இது சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது இறுதிவரை வாசியுங்கள். இதில் வரலாறும் இருக்கிறது, எமது தவறொன்றும் இருக்கிறது.

கடந்த மாதம் எமதூர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றியது. ஊருக்குள் யாரோ பச்சை மீன் சோறு விற்கிறார்கள், அதில் ஹராமான வினாகிரி ஊற்றுகிறார்கள், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். பேசியவர் யார், எதைக் கண்டு பேசினார் என்று நாம் கேட்கவில்லை. எமது ஆசிரியர் குழுவிலும் அதைப் பகிர்ந்துவிட்டு எமது வேலையைப் பார்த்தோம்.

இரண்டு வாரம் கழித்து, நாம் வரலாறு கற்பிக்கும் வகுப்பொன்றில் ஒரு பிள்ளை பின்வரிசைக்குப் போய்விட்டதைக் கவனித்தோம். முன்பு கை உயர்த்தும் பிள்ளை. இப்போது இடைவேளைக்கும் வெளியே போவதில்லை. பக்கத்திலிருந்த பிள்ளைதான் மெல்லச் சொன்னாள்: "சேர், இவட வீட்டுலதான் அந்தப் பச்ச மீன் சோறு செய்யிறாங்களாம். எல்லாரும் பகிடி பண்ணுறாங்க."

அன்று மதியம் எமக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வியாழக்கிழமை அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து இரண்டு பெட்டி சொன்னோம். மஃரிபுக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் வாப்பாவே மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்தார். எம்மைக் கண்டதும் அவருக்குச் சங்கடம். உள்ளே அழைத்து உட்கார வைத்தோம். ஒன்பது வருடம் டோஹாவில் ஒரு ஹோட்டலின் ஜப்பானியச் சமையலறையில் வேலை செய்தவர் அவர். கொரோனாக் காலத்தில் வேலை போய் ஊர் திரும்பினார். 2022இல் எரிவாயு வரிசையில் நாம் எல்லோரும் நின்ற நாட்களில், விறகடுப்பில் சோறு மட்டும் வெந்தால் போதும் என்று கணவனும் மனைவியுமாக ஆரம்பித்த தொழில் இது. சுஷிக்குரிய அரிசி கிடைக்காத நாட்களில் கீரிச்சம்பாவைச் சற்றுக் குழைய ஆக்கிச் சமாளித்தார்களாம்.

பெட்டியைத் திறந்தோம். கறுப்புத் தாளில் சுற்றிய சோற்று உருண்டைகள், ஒவ்வொரு பெட்டியிலும் எட்டு. நடுவில் அவித்த இறால், பொரித்த சூரை, கெக்கரிக்காய், முட்டை. பச்சை மீன் ஒரு துண்டும் இல்லை. "மீனைப் பச்சையா வைக்கிறதெண்டா மைனஸ் இருபது பாகையில ஏழு நாள் உறைய வைக்கோணும் சேர். வீட்டு ஃபிரிட்ஜ்ல அது ஏலாது. அதனால நாங்க வைக்கிறல்ல" என்றார் அவர். ஹோட்டலில் கற்ற ஒழுங்கை வீட்டிலும் கைவிடாத மனிதர்.

எமது உம்மா ஒரு துண்டை வாயில் வைத்து, "இது எங்கட புளிச்சோறு மாதிரித்தானே" என்றா. வரலாறு படித்த எமக்குத் தெரியாததை உம்மாவின் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. அதன் பிறகுதான் நாம் தேடி வாசித்தோம். வாசித்ததைச் சொல்கிறோம்.

சுஷி என்றால் பச்சை மீன் அல்ல. புளிப்பேற்றிய சோறுதான் சுஷி. மீனை மட்டும் பச்சையாக வெட்டி வைத்தால் அதற்குச் சஷிமி என்று வேறு பெயர். சுஷியின் வேர் ஜப்பானில்கூட இல்லை, தென்கிழக்காசியாவின் நெல் வயல்களில், மீகொங் ஆற்றுப் பக்கமாக இருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மழைக்காலத்தில் வயலில் மீன் பெருகும், கோடையில் இருக்காது. ஆகவே மீனை உப்பிட்டுச் சோற்றுக்குள் புதைத்து வைத்தார்கள். சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மீனைக் கெடாமல் காக்கும். எமது நாட்டில் மீனை உப்பும் கொறக்காப்புளியும் போட்டுப் பானையில் அடைத்து ஜாடி போடுவதில்லையா? இரண்டும் ஒரே யோசனைதான்.

ஜப்பானில் 718ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட யோரோ சட்டக்கோவையில், வரியாகச் செலுத்தும் பொருட்களுக்குள் சுஷியும் இருக்கிறது. பிவா ஏரிப் பக்கத்தில் இன்றும் ஃபுனசுஷி என்று பழைய முறையில் செய்கிறார்கள். மாதக்கணக்கில் உப்பிலும் பிறகு சோற்றிலும் கிடக்கும் மீன் அது. அந்தக் காலத்தில் மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை வீசிவிடுவார்களாம். சோற்றையும் சேர்த்து உண்ணும் பழக்கம் பிறகு வந்தது. புளிக்கும்வரை காத்திராமல் சோற்றில் வினாகிரி ஊற்றும் முறை அதற்கும் பிறகு வந்தது.

நாம் இன்று காணும் கையளவுச் சுஷியை ஆக்கியவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் ஹனயா யோஹே. 1799இல் பிறந்து 1858இல் இறந்தவர். இன்றைய தோக்கியோ அன்று எதோ என்று அழைக்கப்பட்டது. 1820களில் அந்த நகரத்தில், முதலில் பெட்டியில் வைத்துச் சுமந்து தெருத்தெருவாக விற்றுத்தான் அவர் ஆரம்பித்தார் என்கிறார்கள். கடை பிறகு வந்தது. கூலியாட்களும் கைவினைஞர்களும் நின்றபடியே இரண்டு துண்டு தின்றுவிட்டு வேலைக்குப் போகும் தெருச் சாப்பாடாக அது இருந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம் என்பதால் மீனைச் சோயா சோஸில் ஊற வைத்தோ, அவித்தோ, வினாகிரியில் பதம் செய்தோதான் பெரும்பாலும் வைத்தார்கள். எமதூர்க்காரர் செய்வது கலப்படச் சுஷி என்று யாராவது சொன்னால், அவித்த இறாலும் முட்டையும் பழைய எதோ சுஷியிலேயே இருந்தவைதான் என்று சொல்லுங்கள்.

இனி வினாகிரி விடயம். குரல் பதிவில் ஒரு பாதி உண்மை இருந்தது, அதை மறைக்க மாட்டோம். 1804இல் ஹண்டா என்ற ஊரில் நகானோ மதாசயெமொன் என்ற மது வடிப்பாளர், வடித்து எஞ்சிய மண்டியிலிருந்து மலிவான வினாகிரி செய்யத் தொடங்கினார். எதோவின் சுஷிக் கடைகளுக்கு அது கப்பலில் போனது. ஜப்பானியச் சமையலறைகளில் மிரின் என்ற இனிப்பு மதுவும் உண்டு. ஆகவே வெளியூரில் சாப்பிடும்போது கேட்டுச் சாப்பிடுவது சரியே. ஆனால் இந்த வீட்டில் என்ன நடக்கிறது? மிரின் இல்லை, சீனியும் உப்பும்தான். சோயா சோஸ் போத்தலில் ஹலால் சான்று இருக்கிறது. வினாகிரி எமது கடைகளில் விற்கும் தென்னை வினாகிரி. அச்சாறு போடும்போது நாம் எல்லோரும் ஊற்றும் அதே போத்தல். அந்தத் தென்னை வினாகிரியும் பதநீர் புளித்துக் கள்ளாகி, கள் மேலும் புளித்து வந்ததுதான். எதுவும் சேர்க்காமல் தானாகவே வினாகிரியாக மாறியது ஆகுமானது என்பது எமது ஷாஃபிஈ மத்ஹபில் அறியப்பட்ட சட்டம். மேலதிக விளக்கம் வேண்டுவோர் உலமாக்களிடம் கேளுங்கள். பெருநாள் புரியாணிக்கு அச்சாறு வைத்துத் தின்றுகொண்டே பக்கத்து வீட்டுச் சோற்றை ஹராம் என்பது நீதியல்ல. அவ்வளவுதான் நாம் சொல்வது.

பெட்டியோடு ஒரு சிறு கோப்பையில் சாறும் வந்தது. ஜப்பானில் அந்தச் சாற்றுக்குக் கட்சுவோபுஷி போடுவார்கள். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல்லுப் போலக் காய வைத்து, சீவிப் போடுவது. அது விலை அதிகம் என்பதால் அந்தச் சகோதரி எமது மாசியைப் போட்டுக் காய்ச்சியிருந்தா. ருசியில் குறையே இல்லை, ஏனென்றால் மாசியும் அதே சூரை மீன்தான், ஏறத்தாழ அதே பக்குவம்தான். 1343, 1344ஆம் ஆண்டுகளில் மாலைதீவில் இருந்த இப்னு பதூதா அந்த மீனை அவித்துப் புகையூட்டுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். இந்தியா, சீனா, யெமன் வரை அது ஏற்றுமதியானதையும் குறிப்பிடுகிறார். அங்கிருந்துதான் அவர் எமது தீவுக்கு வந்தார். இன்று மாசி இல்லாமல் எமக்குச் சீனிச் சம்பல் இல்லை. "இது எங்கட சாப்பாடில்ல" என்று சொல்லும் முன் எமது அடுப்படியை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். மாசி மாலைதீவிலிருந்து வந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. வட்டிலப்பத்தை மலாய்ச் சகோதரர்கள் கொண்டு வந்தார்கள் என்றே எமது பெரியவர்கள் சொல்வார்கள்.

எம்மை அதிகம் தொட்ட பக்கம் இன்னொன்று. 1923 செப்டம்பர் 1ஆம் திகதி தோக்கியோப் பகுதியைப் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடையிழந்த சுஷித் தொழிலாளர் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பி, தெரிந்த தொழிலை அங்கே ஆரம்பித்தார்கள். எதோ நகரத்துச் சுஷி நாடெங்கும் பரவ அது ஒரு முக்கிய காரணம். வேலையிழந்து ஊர் திரும்பிய ஒருவர் கைத்தொழிலோடு வருவது எமதூரில் மட்டும் நடந்த கதையல்ல.

அடுத்து யுத்தம். தோற்றுப்போன ஜப்பானில் அரிசி பங்கீட்டுக்குத்தான். 1947 ஜூலையில் உணவகங்களை மூடும்படி அவசர ஆணை வந்தது. அப்போது தோக்கியோவின் சுஷித் தொழிலாளர் சங்கம் ஒரு வழி கண்டது. நாங்கள் சாப்பாடு விற்கவில்லை, வாடிக்கையாளர் கொண்டு வரும் அரிசியைச் சுஷியாக்கிக் கொடுத்துக் கூலி மட்டும் வாங்குகிறோம் என்று அதிகாரிகளிடம் பேசி அனுமதி பெற்றார்கள். ஒரு கோ அரிசி கொடுத்தால் பத்துத் துண்டு. ஒரு கோ என்பது ஏறத்தாழ 150 கிராம், எமது ஒரு சுண்டுக்கும் குறைவு. பஞ்ச காலத்தில் வீட்டு அரிசியைத் துணியில் முடிந்துகொண்டு வந்த சாதாரண சனங்களால்தான் அந்தத் தொழில் அழியாமல் தப்பியது. கூப்பன் அரிசியையும் பாண் வரிசையையும் கண்ட எமது உம்மாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தக் கறுப்புத் தாளுக்கும் ஒரு கதை உண்டு. நோரி என்ற அந்தக் கடற்பாசி எப்படி விளைகிறது என்பது நீண்ட காலம் யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் விளையும், ஒரு வருடம் பொய்க்கும். 1949இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கத்லீன் ட்ரூ பேக்கர் என்ற பெண் விஞ்ஞானி, அந்த வகைப் பாசி தன் வாழ்வின் ஒரு பருவத்தைச் சிப்பி ஓடுகளுக்குள் கழிப்பதைக் கண்டறிந்தார். அதைக் கொண்டு ஜப்பானியர் பாசியை வளர்க்கக் கற்றார்கள். திருமணம் முடித்த பெண் என்பதற்காகப் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியை இழந்து, சம்பளமில்லாமல் ஆய்வு செய்தவர் அவர். ஜப்பானை ஒருநாளும் கண்டதில்லை. அவர் இறந்த பின் குமாமொத்தோ மாவட்டத்தின் உதோவில் மீனவர்கள் அவருக்கு நினைவுக்கல் எழுப்பினார்கள். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு பெண் செய்யும் வேலை எத்தனை பேரின் வயிற்றுக்குப் போய்ச் சேருகிறது பாருங்கள்.

வீட்டுக்கு வீடு கொண்டு கொடுப்பதும் புதிதல்ல. ஜப்பானில் அதற்குத் தெமாயே என்று பெயர். மரத் தட்டிலே சுஷியை அடுக்கி வீட்டுக்குக் கொண்டு கொடுப்பார்கள். பிறகு வந்து வெறும் தட்டை எடுத்துப் போவார்கள். கடைக்காரருக்கும் வீட்டாருக்கும் இடையில் நம்பிக்கை இருந்தால்தான் அப்படி ஒரு தொழில் நடக்கும். எமதூரிலும் நோன்புக் கஞ்சிக் கோப்பை வீட்டுக்கு வீடு போய்வரும். அந்தக் கோப்பையை எமது உம்மா ஒருநாளும் வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை.

நாம் பகிர்ந்த குரல் பதிவால் அந்த நம்பிக்கைதான் உடைந்தது. வாரத்துக்கு நாற்பது பெட்டி போன வீட்டில், அந்த வாரம் போனது ஏழு பெட்டி. அதில் இரண்டு எமது. அவர் எழும்பிப் போகும்போது அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்களில் நாமும் ஒருவர் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பரவாயில்ல சேர். மகளுக்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

மறுநாள் பாடசாலையில் சொன்னோம். பிள்ளை தலையை மட்டும் ஆட்டியது. இன்னும் முன்வரிசைக்கு வரவில்லை. ஆசிரியர் குழுவில் எமது தவறைத் திருத்தி எழுதிவிட்டோம். ஆனால் முதல் செய்தி போன தூரம் திருத்தம் போகாது என்பது எமக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு.

சுஷி பிடிக்காவிட்டால் வாங்க வேண்டாம், அது உங்கள் நாக்கு. சந்தேகம் இருந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள், போத்தல்களை எடுத்துக் காட்டுவார்கள். வாங்கினால் காசை அன்றே கொடுங்கள், மாதக் கடைசிக்கு வைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் வகுப்பில் பகிடி பண்ணியிருந்தால் கூப்பிட்டு இருத்திப் பேசுங்கள். அந்தக் குரல் பதிவு உங்கள் தொலைபேசியில் இன்னும் இருந்தால் அழித்துவிடுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கும் சொல்லுங்கள்.

எமது வீட்டில் அடுத்த வியாழனுக்கும் இரண்டு பெட்டி சொல்லியிருக்கிறோம். அந்த மாசிச் சாறு இன்னுமொரு கோப்பை வேண்டுமாம் உம்மாவுக்கு.

வஸ்ஸலாம்.